புதுப்பிப்பு: அலுத்து வரும் நாளில் ராத்திரிச் சாப்பாடு

திருப்பூரில் வேலை முடிந்து எட்டரைக்கு வீடு வந்தால் அடுப்படியில் நிற்கத் தெம்பில்லை, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் சொன்ன அரிசிம்பருப்புச் சாதம்தான் இப்போது வாரம் 3 நாள். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு, கழுவி ஊறப்போட்டுவிட்டுக் குளிக்கப் போகிறேன். அப்புறம் கடலை எண்ணெயில் சீரகம், வரமிளகாய், தட்டிய பூண்டு, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம். வெங்காயத்தை மட்டும் ஞாயிற்றுக்கிழமையே உரித்து டப்பாவில் போட்டுவிடுங்கள், அந்த வேலைதான் ஆளைச் சாய்ப்பது. தக்காளி ஒன்று, மஞ்சள்தூள், உப்பு, மூன்றரை டம்ளர் தண்ணீர், 3 விசில். தண்ணீரைக் குறைக்காதீர்கள், குழைவாக இருந்தால்தான் நெய் விட்டுப் பிசைய நன்றாக இருக்கும். கொள்ளுப்பருப்பு சொன்ன அக்கா, செய்தேன், ருசி அபாரம், ஆனால் வேக நேரமாகிறது, லீவு நாளுக்கு வைத்துக்கொண்டேன்.