புதுப்பிப்பு: மாஜுலி போய் வந்தாயிற்று

அசாமின் ஜோர்ஹாட்டில் தங்கி, பிரம்மபுத்திரா ஆற்றின் நடுவே உள்ள மாஜுலித் தீவை ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "தீவிலேயே இரண்டு இரவு தங்குங்கள், சைக்கிள் எடுங்கள்" என்றவர் சொன்னதுதான் சரி.

ஜோர்ஹாட்டிலிருந்து நிமாதி காட் படகுத்துறை சுமார் 14 கிலோமீட்டர், ஷேர் ஆட்டோ கிடைக்கிறது. பெர்ரியில் மேல்தளத்தில் பைக்குகள், கீழே நாம். கமலாபாரி துறைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடைசி பெர்ரி மாலையிலேயே கிளம்பிவிடும். ஒரு நாள் பயணம் என்றால் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஔனியாட்டி சத்ராவில் (சத்ரா என்றால் அசாமின் வைணவ மடம்) அரை மணி நேரம்தான் இருந்தேன். சாமகுரி சத்ராவில்தான் நேரம் போனதே தெரியவில்லை. மூங்கில் பிளாச்சுகளைக் கூடைபோல் முடைந்து, களிமண்ணில் தோய்த்த துணியை ஒட்டி, அதன்மேல் களிமண்ணும் சாணமும் கலந்து பூசி முகமூடி செய்கிறார்கள். ராவணன் முகத்தில் தாடை தனியாக அசைகிறது! இது பாவனா என்ற அசாமிய பக்தி நாடகத்துக்கு. வைணவ மகான் சங்கரதேவர் தொடங்கிய மரபு.

தங்கியது மிஷிங் பழங்குடி மக்களின் சாங் கர் ஒன்றில். தூண்கள்மேல் நிற்கும் மூங்கில் வீடு, வெள்ளத்துக்குத் தோதானது. அப்பொங் என்ற அரிசி மது கொடுத்தார்கள். லேசான புளிப்பு.

எதிர்பாராதது: நீர்மட்டத்துக்கு ஏற்ப துறை இடம் மாறும். பெட்டியோடு மணலில் நெடுந்தூரம் நடந்தேன். சக்கரப் பெட்டி வேண்டாம், தோள்பை எடுங்கள். கையில் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள்.