கொழிஞ்சாம்பாறை பக்கத்து டூரிங் கொட்டாய் – போட்டோ, நோட்டீஸ் யாரிடமாவது இருக்குங்களா?

குழுவில் இருக்கும் பாலக்காடு, பொள்ளாச்சி உறவுகளுக்கு வணக்கம். ஒரு உதவி வேணுமுங்க.

எங்கப்பாவுக்கு எழுபது தாண்டியாச்சு. நேத்து நடந்தது மறந்துடும், கொட்டாயில பார்த்த படம் மட்டும் ஒண்ணுவிடாம ஞாபகம் இருக்கு. கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவுல, 1960-கள் கடைசியில் இருந்த கீத்துக் கொட்டாய். தரை டிக்கெட்டில் மணலைக் குவிச்சு மேடு கட்டி உட்கார்ந்தா, பின்னால இருக்கறவர் காலாலயே தட்டி விட்டுடுவாராம். ஒரே புரொஜெக்டர், ரீல் மாத்தும்போதெல்லாம் இடைவேளைதான். புரொஜெக்டர்ல வெளிச்சத்துக்காக எரிக்கிற கார்பன் குச்சியில, ஆபரேட்டர் வீசியெறியும் மிச்சத் துண்டுக்குப் பசங்களுக்குள்ள அடிதடி. மேலே செம்புப் பூச்சு இருக்குமே, அதுக்காக.

(எம்.ஜி.ஆர். கட்சியா சிவாஜி கட்சியான்னு கேட்காதீங்க, அப்பா மலையாள நடிகர் பிரேம் நசீருக்கும் விசிலடிச்சவர். ஆனா எம்.ஜி.ஆரோட அம்மா ஊர் வடவனூர் எங்க பக்கம்தான்கிற பெருமை தனி.)

கொட்டாய் போட்டோ, பிட் நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கிழிஞ்ச டிக்கெட், எதுவானாலும் சரி, போன்ல படம் எடுத்து அனுப்புங்க. அங்க வேலை பார்த்தவங்க யாராவது இருந்தா இன்னும் சந்தோஷம், அப்பாவைக் கூட்டிட்டு நானே வந்துடறேன்.

இன்னொண்ணு: 1958 கேரள சினிமா சட்டப்படி லைசென்ஸ் வாங்கித்தானே நடத்தியிருக்கணும்? அந்தப் பழைய ஃபைலைப் பார்க்க எந்த ஆபீஸில் மனு கொடுக்கணும்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. மனு மலையாளத்தில் எழுதித் தரவும் ஒரு ஆள் வேணும். எனக்குப் பேச வரும், எழுத வராதுங்க.