மச்சினி மகனைத் தத்தெடுக்க டெல்லி ஒப்புதல் எதற்கு?

பெரம்பூர் பாலு:
எங்களுக்குக் குழந்தை இல்லை. நியூஜெர்சியில் இருக்கும் மச்சினி தன் இரண்டாவது பையனை எங்களுக்குத் தருகிறேன் என்கிறாள். பையன் அங்கே பிறந்த அமெரிக்கக் குடிமகன். கொடுப்பவளுக்கும் சம்மதம், வாங்கும் எங்களுக்கும் சம்மதம். நடுவில் டெல்லியில் இருக்கும் மத்திய தத்தெடுப்பு ஆணையம், அதுதான் 'காரா', எதற்கு? அண்ணன் பிள்ளையைத் தம்பி வளர்த்த குடும்பம் நம்மூரில் இல்லையா?

மயிலை வசந்தி:
வளர்ப்பது வேறு, தத்து வேறு பாலு சார். 2025 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு இதே கதைதான் வந்தது. உறவுக்காரர் பையன், அமெரிக்காவில் பிறந்தவன், கைக்குழந்தையிலிருந்தே இங்கே வளர்கிறான். வெளிநாட்டுக் குடிமகனான பிள்ளையைத் தத்தெடுக்க இந்தியருக்கு அடிப்படை உரிமை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். முதலில் அமெரிக்கச் சட்டப்படி தத்தெடுங்கள், அப்புறம் இங்கே வாருங்கள் என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

கொளத்தூர் சேகர்:
அட போங்க மேடம். 1956இல் வந்த இந்து தத்தெடுப்புச் சட்டம் எதற்கு இருக்கிறது? சார் பதிவாளர் ஆபீசில் பத்திரம் பதிந்து, சொந்தபந்தத்துக்குச் சாப்பாடு போட்டால் முடிந்தது.

மயிலை வசந்தி:
பத்திரம் பதியலாம். பையன் பாஸ்போர்ட் மாறிவிடுமா? விசா கேட்கும்போது அந்தப் பத்திரத்தைத்தான் நீட்டுவீர்களா? நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான 1993 ஹேக் ஒப்பந்தத்தில் இரண்டு நாடுகளுமே இருக்கின்றன. இந்தியா சேர்ந்தது 2003இல். வாங்கும் குடும்பம் பற்றிய ஆய்வறிக்கை, குழந்தை பற்றிய அறிக்கை, மருத்துவ அறிக்கை மூன்றும் கைக்கு வந்தபிறகுதான் காரா ஒப்புதல் தரும்.

பெரம்பூர் பாலு:
பெற்றவளே மனசாரக் கொடுக்கும் பிள்ளைக்கும் குழந்தைகள் காப்பகத்தில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரே தராசா?

மயிலை வசந்தி:
பெற்றவள் அவள்தான் என்று ஆபீசருக்கு எப்படித் தெரியும்? 2005இல் நம்ம சென்னையில் வெளிவந்த வழக்கு ஞாபகம் இருக்கிறதா? புளியந்தோப்பு மாதிரி இடங்களில் திருடப்பட்ட பிள்ளைகள், போலிக் காகிதங்களோடு தத்து நிறுவனம் வழியாக வெளிநாடு போனார்கள். பெற்றவர்கள் வருஷக்கணக்காகத் தேடினார்கள். உங்கள் குடும்பம் நல்ல குடும்பம்தான், ஆனால் விதியை உங்களுக்காக மட்டும் எழுத முடியாதே.

அம்பத்தூர் கணேசன்:
ஒப்புதல் கேட்பது தப்பில்லை, அதில் வசந்தி மேடம் பக்கம்தான் நான். ஆனால் வாசல் எங்கே? நம் விதி, வெளிநாட்டுப் பிள்ளையானால் சம்பிரதாயங்களை முதலில் அந்த நாட்டில் முடி என்கிறது. ஹேக் ஒப்பந்தமோ, வாங்கும் குடும்பம் தகுதியானது என்று வாங்கும் நாடு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்கிறது. அதை இங்கே யாராவது வீட்டுக்கு வந்து பார்த்துத்தானே சொல்ல முடியும்? அந்தப் பம்பாய் தம்பதியையோ காரா பதிவே செய்யவில்லை. பாலு சார், மச்சினியை அங்கே ஒரு வக்கீலைப் பிடிக்கச் சொல்லுங்கள். உங்கள் குடும்ப ஆய்வறிக்கை வேண்டுமென்று அங்கிருந்தே எழுத்தில் கேட்கட்டும். அதை வைத்துக்கொண்டு கெல்லீஸில் இருக்கும் குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறையில், அதாவது பழைய சமூகப் பாதுகாப்புத் துறையில், போய்ப் பேசுங்கள்.

கொளத்தூர் சேகர்:
அதற்குள் பையனுக்கு மீசை முளைத்துவிடும்.

பெரம்பூர் பாலு:
வக்கீல் ஃபீஸ் டாலரில்தானே கேட்பார்கள்? எவ்வளவு ஆகும் கணேசன் சார்?