மறு: ‘ட்ரெபிள் குத்துது’ என்பதற்குச் சொல்: கூசொலி?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஒலியியல் கலைச்சொல் பட்டியலில் ‘ட்ரெபிள் ரிடக்‌ஷன்’ (ட்ரெபிள், அதாவது கீச்சென்ற மேல்பகுதி ஒலியைக் குறைப்பது) என்ற வரிக்கு எதிரே இப்போது உச்சக்குறைப்பு, கீச்சுநீக்கம், குத்தொலித் தணிப்பு என மூன்று சொற்கள் நிற்கின்றன. மூன்றுமே எனக்கு இடிக்கின்றன. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கீச்சுநீக்கம். கீச்சு என்ற சொல்லை ட்விட்டர்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கீச்சுநீக்கம் என்றால், இரவு பதினொரு மணிக்குக் கோபத்தில் எழுதியதைக் காலையில் எழுந்து அழிப்பது என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

குத்தொலி மக்கள் வாயிலிருந்து வந்த சொல். ‘ட்ரெபிள் காதைக் குத்துது’ என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். ஆனால் தமிழில் குத்து என்றதும் குத்துப்பாட்டுதான் நினைவுக்கு வரும். அது பறையும் டிரம்முமாக நெஞ்சில் இடிக்கிற சமாசாரம், நேர் எதிர்த்திசை. குத்தொலியைத் தணிக்கச் சொன்னால் பையன்கள் பேஸைக் குறைத்துவிட்டுப் போவார்கள். போதாததற்குக் காதுகுத்து வேறு இருக்கிறது, மாமா மடியோடு.

உச்சக்குறைப்புதான் பலருக்கும் பிடித்திருக்கிறது. என் மறுப்பு சொல்லின் மேல் அல்ல, அது சுட்டும் பொருளின் மேல். வீட்டு ஸ்டீரியோவில் பத்து நிமிடம் பாட்டுக் கேட்டதும் காது சோர்ந்து, தன்னால் கை ஒலியளவைக் குறைக்கப் போகிறதே, அந்தத் தொல்லைக்குத்தான் பெயர் தேடுகிறோம். அது பெரும்பாலும் உச்சத்தில் இல்லை. 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண் பகுதியில் இருக்கிறது. நம் காதுக்குழாய் ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளம், ஒரு முனை செவிப்பறையால் மூடியது. ஒரு முனை மூடிய குழாய்க்கான கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஒத்ததிர்வு (ரெசனன்ஸ்) 3,400 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். அந்த இடத்தில் காதே ஒலியைப் பெருக்கிக்கொள்கிறது. ஸ்பீக்கரோ அறையோ அங்கேயே இன்னும் 3 டெசிபெல் கூட்டிவிட்டால் தாங்காது.

ஆம்ப்ளிஃபயரின் ட்ரெபிள் திருகு அந்த இடத்தை அவ்வளவாகத் தொடாது. 1952இல் பீட்டர் பாக்ஸண்டால் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் இதற்கான ஒரு மின்சுற்றை வெளியிட்டார். பிறகு வந்த திருகுகளில் பெரும்பாலானவை அதன் வாரிசுகள். 10 கிலோஹெர்ட்ஸ் பக்கம்தான் அவற்றின் முழு பலம். 3 கிலோஹெர்ட்ஸுக்கு வரும்போது வலு நன்றாகவே குறைந்துவிடும். விளைவு என்னவென்றால், திருகைக் குறைக்கக் குறைக்க ஜால்ராவின் மினுமினுப்பு செத்துப்போகும், பாடகியின் குரலில் இருக்கும் உறுத்தல் அப்படியே உட்கார்ந்திருக்கும். உச்சக்குறைப்பு என்று பெயர் வைத்தால் எல்லாரும் அந்தத் திருகைத்தான் திருகுவார்கள்.

என் பரிந்துரை கூச்சம். வெயிலில் கண் கூசுகிறது, ஐஸ் தண்ணீரில் பல் கூசுகிறது. அளவு மீறிய ஒன்று புலனைச் சுருங்கவைப்பதற்குத் தமிழில் ஏற்கெனவே இருக்கிற வினை இது. கூசு + ஒலி = கூசொலி, வினைத்தொகை. ‘ஒலியா கூசுகிறது, காது அல்லவா கூசுகிறது?’ என்று இலக்கணக்காரர்கள் கேட்கலாம். குடிநீரில் நீரா குடிக்கிறது? உறைவிடத்தில் இடமா உறைகிறது? காது கூசுவதற்குக் காரணமான ஒலி, கூசொலி. ட்ரெபிள் என்பது தனியே, நல்லது கெட்டது இல்லாமல், மேலொலி என்று இருந்துவிட்டுப் போகட்டும். மேலொலி தேவை, கூசொலிதான் தொல்லை.

அடுத்த பாதி குறைப்பா தணிப்பா? அளவு குறையும், காய்ச்சல், தாகம், கோபம் தணியும். கூச்சம் அனுபவிக்கிற ஒன்று, ஆகவே தணிப்பு. இயற்பியல் பாடநூலில் தடையுறு அலைவு என்று வேறு சொல் இருப்பதால் அதனோடும் மோதாது.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை என்பதற்கு என் வீட்டுக் கூடமே சாட்சி. பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி, வழுவழு டைல்ஸ், பூசிய சுவர், கான்கிரீட் தளம். நடுவில் நின்று கை தட்டினால் ‘ட்ர்ரிங்’ என்று ஒரு வால் நீளும். முதலில் பவானி ஜமக்காளம் விரித்தேன். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. 3 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 11 செ.மீ.க்கு மேல், அதில் கால்பங்கு கனமாவது இருந்தால்தான் நன்றாக உறிஞ்சும். சில மில்லிமீட்டர் ஜமக்காளம் உச்சியை மட்டும் கிள்ளும். அப்புறம் மகளை முகம் பார்க்கும் கண்ணாடியோடு பக்கச் சுவரோரமாக நடக்கவைத்தேன். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணாடியில் ஸ்பீக்கர் எங்கே தெரிந்ததோ அங்கேதான் ஒலி சுவரில் பட்டு என்னிடம் திரும்பும்; அந்த இடத்தில் இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்தினேன். இரண்டு சுவரிலும் ஒவ்வொன்று. கூச்சத்தில் பாதி அன்றைக்கே போயிற்று. வீட்டில் உள்ளவர்களின் கருத்து வேறு, அதை விடுங்கள்.

மீதிக்கு, ஸ்பீக்கர் பெட்டியில் மேலொலியைத் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்குத் தொடராக 1 ஓம் தடை. 8 ஓம் ட்வீட்டரில் அது ஏறத்தாழ 1 டெசிபெல் இறக்கும், 2 ஓம் போட்டால் 2 டெசிபெல். கேட்கச் சின்ன எண்தான், காதுக்கு அது பெரிது. ஸ்பீக்கரை முகத்துக்கு நேரே பார்க்கவைக்காமல் சற்றுத் திருப்பினாலும் இறங்கும், ஆனால் அதில் குறைவது பெரும்பாலும் உச்சிப்பகுதிதான்.

இவை எல்லாவற்றையும் சேர்த்து நான் சொல்வது: கூசொலித் தணிப்பு. உங்கள் கருத்து?

———

> காது கூசுவதற்குக் காரணமான ஒலி, கூசொலி.

வணக்கம் அண்ணை. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சிறு தடை. இது 1 ஓம் இல்லை, கொஞ்சம் கூட!

எங்கள் பக்கம் ‘காது கூசுது’ என்றால் யாரோ தூஷணம் கதைக்கிறார்கள் என்றுதான் விளங்கும். மற்றது, நீங்கள் இரண்டு வருத்தத்துக்கு ஒரே மருந்து எழுதுகிறீர்கள். ‘ஸ்’ வருகிற இடத்தில் எல்லாம் பாம்பு சீறின மாதிரிக் கேட்கும் பாருங்கள், அது 3 கிலோஹெர்ட்ஸ் இல்லை, 5 தொடக்கம் 8 வரையான மீடிறனில் (நீங்கள் சொல்லும் அதிர்வெண்) வருவது. மெத்தை வைத்து அது போகாது. பாடினவர் மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடித்தால் ஒலிப்பதிவிலேயே இருக்கும். இதுவும் கூசொலியோ?

பட்டியலில் ஒத்ததிர்வுக்குப் பக்கத்தில் எங்கள் ‘பரிவு’ என்பதையும் போட மறக்கவேண்டாம்.

———

> இதுவும் கூசொலியோ?

இல்லை தம்பி, நீங்கள் சொல்வதுதான் சரி. இரண்டையும் பிரித்தே ஆகவேண்டும். சொல்லையும் நீங்களே கொடுத்துவிட்டீர்கள்: சீறொலி. மொழியியலில் உரசொலி என்று ஒரு சொல் உண்டு, ஆனால் அது எழுத்தின் வகை. நமக்கு வேண்டியது அந்த எழுத்து அளவு மீறிச் சீறும் கோளாறு.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். ஸ்பீக்கர் வாங்கப்போகும்போது ஸ, ஷ அதிகம் வராத தமிழ்ப் பாட்டைப் போட்டுக் கேட்டால் சீறொலி பிடிபடாது. வீட்டுக்கு வந்து மறுநாள் வடமொழிச் சுலோகம் போட்டதும் வண்டவாளம் வெளிவரும். நான் அப்படித்தான் மாட்டினேன்.

தூஷணம் பற்றி: தமிழ்நாட்டிலும் ‘காது கூச’ என்றால் அதுதான் பொருள், மறுக்கவில்லை. அங்கே கூசவைப்பது பேச்சின் பொருள், இங்கே ஒலியே. தொகையாகி ‘கூசொலி’ என்று நின்றுவிட்டால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். பிடிக்காதவர்களுக்கு மாற்றாக ‘உறுத்தொலி’ என்றும் குறித்துவைக்கிறேன், ஆனால் என் வாக்கு அதற்கில்லை. உறுத்தல் கண்ணில் விழுந்த தூசிக்கு, கூச்சம் வெளிச்சத்துக்கு.

பட்டியலில் இப்போதைக்கு இப்படி மாற்றியிருக்கிறேன்: மேலொலி, கூசொலி, சீறொலி, கூசொலித் தணிப்பு, ஒத்ததிர்வு / பரிவு, அதிர்வெண் / மீடிறன்.

அடுத்த வரி ‘டோ-இன்’, ஸ்பீக்கர்களைக் கேட்பவர் பக்கமாக உள்ளே திருப்பிவைப்பது. யாராவது ‘கால்விரல் உள்ளே’ என்று எழுதிவிடுவதற்குள் ஒரு நல்ல சொல் அனுப்புங்கள்.