சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை: மாதிரித் தாள்களில் புள்ளி ஏறாமல் நிற்கிறது

மல்லாவி வாசகி:

அனைவருக்கும் வணக்கம். க.பொ.த. உயர்தரத்தைக் கலைப்பிரிவில் முடித்த நான், பகலில் ஒரு முன்பள்ளியில் கற்பித்துக்கொண்டு, இலங்கைச் சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சைக்கு இரவு வேளைகளில் படித்து வருகிறேன். பொது அறிவும் நுண்ணறிவும் சேர்ந்த தாளில் தொடக்கத்தில் நாற்பதுகளில் இருந்த என் புள்ளி, சில மாதங்களில் அறுபதைத் தாண்டியது. அதன் பின்னர் எத்தனை கடந்தகால வினாத்தாள்களைச் செய்தாலும் 62, 64, 61 என்று ஒரே இடத்தில் நிற்கிறது. மொழித்தாளைத் திருத்தித் தருவதற்கு இங்கே ஆள் இல்லாததால், அதை நானே திருத்திப் புள்ளியிட்டுக்கொள்கிறேன். சூமில் நடக்கும் ஒரு வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். அவர்கள் வாரந்தோறும் இன்னுமொரு தாளை அனுப்புகிறார்களே தவிர, விடை ஏன் பிழைத்தது என்பதைச் சொல்வதில்லை. வவுனியாவுக்குப் போய் நேரடி வகுப்பில் சேர்வதா, அல்லது படிக்கும் முறையையே மாற்றுவதா என்று தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லி உதவவும்.

கனகராயன்:

தங்கச்சி, வகுப்பை மாற்றுவதைப் பற்றி யோசிப்பதற்கு முன்னர், அந்த 62 எவற்றால் ஆனது என்று பிரித்துப் பாருங்கள். 61க்கும் 64க்கும் இடையிலுள்ள வேறுபாடு, அன்றைக்கு ஊகித்த இரண்டொரு விடைகள் சரிவந்தனவா இல்லையா என்பதற்கு மேல் எதையும் சொல்லாது. அதைப் பார்த்து மகிழவும் வேண்டாம், மனம் தளரவும் வேண்டாம். புதிய தாள் செய்வதைச் சிறிது காலம் நிறுத்திவிட்டு, கடைசியாகச் செய்த தாள்களில் பிழைத்த வினாக்களை மட்டும் ஒரு கொப்பியில் எழுதி, விடையைப் பார்க்காமல், நேரக் கட்டுப்பாடும் இல்லாமல் மீண்டும் செய்து பாருங்கள். இரண்டாம் முறை சரியாக வருபவை நேரத்தாலோ அவசரத்தாலோ பிழைத்தவை. அப்போதும் பிழைப்பவை விளங்காதவை. இவ்விரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

விளங்காதவற்றுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ‘எல்லாக் குளங்களும் நீர்நிலைகள். சில நீர்நிலைகள் கோடையில் வற்றுவன. ஆகவே சில குளங்கள் கோடையில் வற்றுவன.’ இந்த முடிவு தரப்பட்ட கூற்றுகளிலிருந்து பெறப்படுமா என்று கேட்டால், வன்னியில் பிறந்த எவரும் ‘ஆம்’ என்றுதான் குறியிடுவார்கள், ஏனெனில் ஆவணி மாதத்துச் சிறுகுளம் எப்படி இருக்கும் என்பதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். ஆனால் வற்றுகின்ற அந்தச் ‘சில நீர்நிலைகள்’ அனைத்தும் குளம் அல்லாத வேறு நீர்நிலைகளாகவும் இருக்கலாம் என்பதால், முடிவு பெறப்படாது. இந்த வகை வினாவில் உலகத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது எதுவும் உதவாது, இடைஞ்சலாகவே இருக்கும். இது ஒருமுறை பிடிபட்டுவிட்டால் அந்த வகை முழுவதுமே சரிவரத் தொடங்கும். பிடிபடாமல் ஐம்பது தாள் செய்தாலும் அதே பிழை ஐம்பது தடவை வரும்.

பொது அறிவில் மனனம் செய்தவை ஒன்றோடொன்று குழம்பத் தொடங்கும்போதும் புள்ளி நின்றுவிடுகிறது. நிர்வாக மாவட்டங்கள் 25, தேர்தல் மாவட்டங்கள் 22 என்று இரண்டையும் தனித்தனியே பாடமாக்கியவர், பரீட்சை மண்டபத்தில் ஒன்றுக்கு மற்றையதை எழுதுவார். அந்த மூன்று வித்தியாசமும் எங்கள் வடமாகாணத்திலேயே இருக்கிறது: யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்து ஒரு தேர்தல் மாவட்டம், மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டம். ஐந்து மாவட்டங்கள் இரண்டாகின்றன, ஆகவே 25 என்பது 22 ஆகிறது. (கிளிநொச்சிக்காரர்கள் தங்களை வன்னியார் என்று சொல்லிக்கொண்டு வாக்கை யாழ்ப்பாணத்துக்குப் போடுவது இதனால்தான்.) அடிப்படை உரிமை மனு அரசியலமைப்பின் உறுப்புரை 126இன் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகிறது, அரச அதிகாரிகளுக்குக் கட்டளையிடக் கோரும் எழுத்தாணை (ரிட்) விண்ணப்பம் உறுப்புரை 140இன் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகிறது என்பதையும் இப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

பரந்தன் சந்தி:

கனகராயன் அண்ணா சொன்னதுடன் உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கலாம்: முன்பு செய்த தாளை மறுபடி செய்து 75 வந்தது என்று நம்பிவிட வேண்டாம், அதில் பாதி ஞாபகத்தால் வருவது. தொடாத தாள்கள் இரண்டையாவது பரீட்சைக்கு முந்திய வாரங்களுக்கென்று எடுத்து வையுங்கள். பகல் முழுவதும் பிள்ளைகளோடு நின்று களைத்த பிறகு இரவு பத்து மணிக்குச் செய்யும் தாளின் புள்ளியும் உண்மையான புள்ளி அல்ல. முழுத்தாளை ஞாயிறு காலையில் மட்டும் செய்யுங்கள்.

ஓமந்தை ஆசிரியர்:

மொழித்தாளைப் பற்றி எவரும் எழுதாததால் எழுதுகிறேன். தன் கட்டுரையைத் தானே திருத்துபவருக்குப் புள்ளி ஏறாதிருப்பதில் வியப்பில்லை, மகள். எழுதியவருக்குத் தாம் சொல்ல நினைத்தது தெரியும் என்பதால், தாளில் அது இல்லாவிட்டாலும் இருப்பதாகவே கண் வாசித்துவிடும். சுருக்கம் எழுதும் பகுதியில் இது மிகவும் பாதிக்கும். பெரும்பாலானோர் மூலப் பந்தியின் வாக்கியங்களில் சிலவற்றை வெட்டிவிட்டு மிகுதியை அப்படியே ஒட்டுகிறார்கள். பந்தியை இருமுறை வாசித்து, அதை மூடி வைத்துவிட்டு, அதன் வாதத்தை உங்கள் சொற்களில் எழுதிய பிறகே சொற்களை எண்ணுங்கள். உதாரணங்களும் அடைமொழிகளும் போகலாம், ‘ஆனால்’, ‘ஆகையால்’ என்ற தொடர்பு போகக் கூடாது. உங்கள் ஊர்ப் பாடசாலையில் உயர்தரத்துக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரிடம் மூலப் பந்தியைக் காட்டாமல் சுருக்கத்தை மட்டும் கொடுத்து, என்ன விளங்குகிறது என்று கேளுங்கள். அவர் சட்டம் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை.

மல்லாவி வாசகி:

அனைவருக்கும் மிக்க நன்றி. நுண்ணறிவுப் பகுதியில் பிழைத்தவற்றை மீண்டும் செய்து பார்த்ததில், பெரும்பாலானவை நேரமிருந்தால் சரியாக வருகின்றன. எண் தொடர் வினாக்களில் விடை கிடைக்கும்வரை விட மனமின்றி நீண்ட நேரம் நின்றுவிடுகிறேன் என்பது இப்போதுதான் தெரிகிறது. குளத்து வினாவுக்கு நானும் ‘ஆம்’ என்றுதான் குறியிட்டேன், ஐயா.

கனகராயன்:

அப்படியானால் வவுனியாவுக்குப் பஸ் ஏறத் தேவையில்லை. 2, 3, 5, 9, 17 என்ற தொடரைப் பார்த்தவுடன் வித்தியாசங்களை மேலே எழுதுங்கள்: 1, 2, 4, 8. அடுத்த வித்தியாசம் 16, விடை 33. வித்தியாசத்திலும் அதன் வித்தியாசத்திலும் ஒழுங்கு தெரியாவிட்டால், ஒன்று விட்டு ஒன்றாக இரண்டு தொடர்கள் பின்னப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் வினா இலக்கத்தைச் சுற்றி வட்டமிட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லா வினாக்களையும் ஒருமுறை கண்ட பின்னர் வட்டமிட்டவற்றுக்குத் திரும்பலாம். முதல் இரண்டு வாரங்களுக்கு, எங்கே நின்றீர்கள் என்பதைக் கொப்பியில் குறித்து வாருங்கள்; புள்ளியைக் குறிக்க வேண்டாம்.

ஓமந்தை ஆசிரியர்:

உள்ளூரில் ஆசிரியர் கிடைக்காவிட்டால், சுருக்கத்தைப் படமெடுத்து இந்த இழையிலேயே இடுங்கள், மகள். சனிக்கிழமைகளில் பார்த்துத் தருகிறேன்.