நீங்களே செய்த தோல் கத்தி: அனுபவத்தைச் சொல்லுங்கள்

பை, பெல்ட் தைக்க ஆரம்பித்து 6 வருஷம் ஆகிறது. முதல் 3 வருஷம் கட்டர் பிளேடை வைத்தே ஓட்டினேன். நேராக வெட்ட அது போதும், ஓரம் சீவத்தான் ஆகாது. தோலை மடித்துத் தைக்கிற இடத்தில் ஓரத்தைச் சீவி மெலிதாக்காவிட்டால் மடிப்பு தடித்துக்கொண்டு நிற்கும். கட்டர் பிளேடு நெளியும். சீவும்போது சட்டென்று உள்ளே இறங்கி ஓட்டை போட்டுவிடும். ஒரு நல்ல ஆட்டுத்தோல் அப்படி வீணான அன்றைக்குத்தான் கத்தியை நானே செய்வது என்று உட்கார்ந்தேன்.

கடையில் கையால் அறுக்கிற ஹாக்ஸா பிளேடு ஒன்று வாங்கி, பல்லையெல்லாம் தேய்த்து எடுத்துவிட்டு முனையைச் சாணை பிடித்தேன். நாலு சீவலில் மழுங்கிவிட்டது. திரும்பத் தீட்டினேன், திரும்ப அதே கதை. அது பைமெட்டல் பிளேடு என்பது பிறகுதான் புரிந்தது. அந்த வகையில் பல் வரிசை மட்டும்தான் கெட்டியான ஹைஸ்பீடு ஸ்டீல். முதுகு, ஒடியாமல் வளைவதற்காக வைத்த வேறு இரும்பு. நான் கெட்டியான பாகத்தைத் தேய்த்து எறிந்துவிட்டு, மிச்சத்தில் கூர் தேடியிருக்கிறேன்.

அப்புறம் தெருக்கோடி லேத் பட்டறைக்குப் போனேன். மிஷின் ரம்பத்தில் போடுகிற பெரிய பிளேடு, பல் தேய்ந்தது, மூலையில் கிடந்தது. "முழுசும் ஹைஸ்பீடு தம்பி, சும்மா எடுத்துட்டுப் போ" என்றார் அங்கே இருந்த பெரியவர். வெட்டுகிற விதத்தையும் அவரே காட்டினார். இரண்டு பக்கமும் கட்டிங் வீலால் கோடு இழுத்து, வைஸில் இறுக்கி, மேலே சாக்கைச் சுற்றி ஒரே தட்டு. கண்ணாடித் துண்டு மாதிரி ஒடிந்தது. சாக்கு இல்லையென்றால் சில்லு கண்ணுக்கு வரும். கண்ணாடி போடாமல் இதைச் செய்யாதீர்கள்.

சாணையில் நுனி நீலம் பூத்ததும் பதறிப்போய்த் தண்ணீரில் முக்கப் போனேன். கையைப் பிடித்துவிட்டார். சாதாரண இரும்பு அவ்வளவு சூட்டில் பதம் இழந்துவிடும், இது இழக்காது. ஆனால் சூட்டோடு தண்ணீரில் போட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், காற்றிலேயே ஆறட்டும் என்றார்.

உண்மையான வேலை ஆயில் கல்லில்தான். சரிவு ஒரு பக்கம் மட்டும். சரிவில்லாத மறுபக்கம் கண்ணாடி மாதிரி சமமாக இருக்க வேண்டும். அந்தப் பக்கம் முழுக்க மார்க்கர் மை பூசித் தேய்த்தேன். மை போகாமல் நிற்கிற இடம் பள்ளம். மூலையில் கடுகளவு மை போக மாட்டேன் என்று நின்றது, அதற்கே இரண்டு சாயங்காலம் போனது. கடைசியில் பச்சை பாலிஷ் தடவிய தோல் வாரில் இழுத்துப் பிசிறை எடுத்துவிட்டு ஆட்டுத்தோல் ஓரத்தில் வைத்தேன். சீவல் வெங்காயத் தோல் மாதிரி சுருண்டு வந்தது. அன்றைக்குத் தேவையே இல்லாமல் மிச்சத்துண்டுகளை எல்லாம் சீவிக்கொண்டிருந்தேன்.

உங்களில் யார் யார் செய்திருக்கிறீர்கள்?

*

நான் கொல்லுப்பட்டறை வீட்டுப் பிள்ளை. பழைய அரத்தில் செய்தேன். அரம் அப்படியே இருந்தால் வேலைக்கு ஆகாது, கெட்டி அதிகம். உலையில் சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து ராத்திரி முழுக்க ஆறவிட்டால் இளகும். உருவம் கொடுத்த பிறகு, திரும்பக் கெட்டியாக்க மறுபடி காய்ச்ச வேண்டும். காந்தம் ஒட்டாமல் போகிற சூடு சுமார் 770 டிகிரி. அதற்குக் கொஞ்சம் மேலே போனதும் தோய்ச்சல். முதல் கத்தியைத் தண்ணீரில் தோய்த்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம், நுனியில் விரிசல். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, எண்ணெய்ச் சட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அடுத்தது தப்பித்தது.

தோய்த்ததோடு விட்டால் கூர் சில்லு சில்லாக உதிர்ந்து போகும். உப்புத்தாளால் பளபளப்பாக்கி, சுடுமணலில் வைத்து, சூடேறும்போது கத்தி மேல் வருகிற நிறத்தைப் பாருங்கள். வெளிர் வைக்கோல் நிறம் வந்ததும் எடுத்துவிடணும். நீலம் வந்தால் தோல் கத்திக்கு ரொம்ப இளக்கம்.

*

அரத்துக் கத்தி செய்கிறவர்களுக்கு ஒன்று. பட்டை போட்டுப் பதனிட்ட தோலை ஈரத்தோடு வெட்டிவிட்டு, கத்தியை அதன் மேலேயே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் கத்தி வடிவத்தில் கறுப்பு. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு மை ஆகிற அதே சங்கதிதான். எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்ததில் பெரும்பகுதி போனது, ஓரத்தில் நிழல் மட்டும் நின்றுவிட்டது.

*

முதலில் எழுதியவன்தான். அண்ணே, மணல் எவ்வளவு ஆழம்? வீட்டு அடுப்பில் முடியுமா?

*

இரும்புச் சட்டியில் இரண்டு விரல்கடை போதும் தம்பி. முதுகை மணலில் வைத்து, கூர்ப்பக்கம் மேலே தெரிகிற மாதிரி நிறுத்துங்கள். நிறம் முதுகிலிருந்து ஏறி வரும். கண்ணை எடுக்காதீர்கள், கடைசியில் வேகமாக ஓடும்.