மிதக்கும் சோலார்: கிரிட் போனாலும் முகாமுக்குக் கரண்ட் வருமா?

சேலத்துக்காரன்: ஏற்காடு ஏரி மாதிரி ஒரு நீர்நிலையில் மிதக்கும் சோலார் போட்டால், லைன் போன நேரத்தில் ராணுவ முகாமை ஓட்ட முடியுமா? அமெரிக்காவில் இருக்காமே?

மின்பொறி: ஆமாங்க, வட கரோலினாவில் கேம்ப் மெக்காலில், 2022ல். 1.1 மெகாவாட் பேனல், கூடவே 2 மெகாவாட் பேட்டரி. அந்த பேட்டரிதான் விஷயமே. சாதாரண கிரிட்-டை இன்வெர்ட்டர் (பேனல் கரண்டை மாற்றி மெயின் லைனோடு சேர்க்கும் கருவி) லைன் போன உடனே தானும் நின்றுவிடும், வெயில் கொளுத்தினாலும் சரி. கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதே! முகாமைத் தனியாக ஓட்ட, வோல்டேஜையும் ஃப்ரீக்வென்சியையும் தானே உருவாக்கும் பேட்டரி இன்வெர்ட்டரும், மெயின் லைனைத் துண்டிக்கும் பிரேக்கரும் வேண்டும்.

சேலத்துக்காரன்: மேட்டூரில் போட்டால்?

அணைக்கரை: நங்கூரம்தான் தலைவலி. முழு நீர்மட்டம் 120 அடி. பாதிக்கும் கீழே இறங்கும் வருஷமும் உண்டு. கயிறு குட்டையானால் தண்ணீர் ஏறும்போது மிதவையை அமுக்கும். நீளமானால் தண்ணீர் இறங்கும்போது தொய்ந்து, காற்றுக்கு மொத்த மிதவையும் அலையும். 2019ல் ஜப்பானில் யமகுரா அணையில் புயலில் நங்கூரம் பிய்ந்து, பேனல்கள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து தீப்பிடித்தது. பேனலிலிருந்து இன்வெர்ட்டருக்குப் போகும் டிசி கேபிளையும் தண்ணீரில் தொங்க விடாதீங்க. கனெக்டருக்குள் ஈரம் இறங்கினால் இன்சுலேஷன் ஃபால்ட் (கரண்ட் கசிவு) காட்டும், இன்வெர்ட்டர் காலையில் ஸ்டார்ட்டே ஆகாது.